வட ஆப்பிரிக்காவில் வேதசாட்சி நினைவுநாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கி.பி. 180 முதல் 533 வரை, இன்றைய துனீசியா, அல்ஜீரியா பகுதிகளில் வாழ்ந்த கிறிஸ்தவர்கள் தங்கள் வேதசாட்சிகளை எப்படி நினைவுகூர்ந்தார்கள், அந்த நினைவுநாளை வைத்தே "நம்மவர் யார், அந்நியர் யார்" என்பதை எப்படிப் பிரித்தார்கள் என்பதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. வேதசாட்சி என்பது தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய சொல். மற்ற சபையார் இரத்தசாட்சி என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

ரோம் நகரை விட்டுவிட்டு ஏன் வட ஆப்பிரிக்கா?

சண்டை இங்கேதான் அதிகம். அதனால் எழுத்தும் அதிகம். சிறைக் குறிப்பு, நீதிமன்றப் பதிவு, ஆயர்களின் கடிதம், மறையுரை, சங்கத் (ஆயர்கள் கூடும் பேரவை) தீர்மானம், கல்லறைக் கல் எல்லாம் கிடைக்கின்றன. எதிர்த்தரப்பின் எழுத்தும் ஓரளவு தப்பியிருக்கிறது.

முதல் ஆவணமே ஒரு வழக்கு விசாரணை. 180 ஜூலை 17 அன்று ஸ்கில்லி என்ற ஊரைச் சேர்ந்த 12 பேர் கார்த்தேஜில் ஆளுநர் சத்துர்னீனுஸ் முன் நிறுத்தப்பட்டார்கள். "அந்தப் பெட்டியில் என்ன?" என்று கேட்கிறார் ஆளுநர். "புத்தகங்கள், நீதிமானான பவுலின் கடிதங்கள்" என்கிறார் ஸ்பெராத்துஸ். யோசிக்க 30 நாள் தவணை தருகிறேன் என்கிறார் ஆளுநர். வேண்டாம் என்கிறார்கள். தீர்ப்பு வாசிக்கப்படுகிறது. நீதிமன்ற எழுத்தர் நடையில் அமைந்த இந்தச் சில வரிகளே பிற்பாடு கோவிலில் வாசிக்கும் பாடமாயின.

ஒருவர் வேதசாட்சி என்று யார் முடிவு செய்தது?

ஊர் மக்கள் தொடங்குவார்கள், ஆயர் ஏற்றுக்கொள்வார். ஏற்கும்வரை அது தனியார் பக்தி மட்டுமே. இந்த இடைவெளியில்தான் எல்லாத் தகராறும் பிறந்தது.

நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு கார்த்தேஜின் லூசில்லா. பணக்காரப் பெண்மணி. 303-இல் பெரிய கலாபனை (கிறிஸ்தவர்களை அரசு கொடுமைப்படுத்திய காலம்) தொடங்குவதற்கு முன்பே, நற்கருணை வாங்கும் முன் ஒரு வேதசாட்சியின் எலும்பை முத்தமிடும் வழக்கம் அவருக்கு இருந்தது. இறந்தவர் உண்மையில் வேதசாட்சியாகவே இருந்தாலும் திருச்சபை அவரை இன்னும் ஏற்கவில்லை. ஆயருக்கு உதவியாக இருந்த தலைமைத் திருத்தொண்டர் செசிலியானுஸ் லூசில்லாவைக் கண்டித்தார். லூசில்லா கோபத்தோடு வெளியேறினார். சில ஆண்டுகள் கழித்து செசிலியானுஸ் ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அவருக்கு எதிராக மயோரீனுஸ் என்பவரை ஆயராக்க லூசில்லாவின் பணம் பாய்ந்தது. மயோரீனுஸ் அவர் வீட்டைச் சேர்ந்தவர். அவருக்குப் பின் வந்தவர் தொனாத்துஸ். இப்படித்தான் ஆப்பிரிக்கத் திருச்சபை கத்தோலிக்கர், தொனாத்து தரப்பு என்று இரண்டாகப் பிளந்தது. பிளவுக்கு அவர் பெயரே நிலைத்தது.

இதைச் சொல்லும் மிலேவிஸ் ஆயர் ஒப்தாத்துஸ் கத்தோலிக்கர், லூசில்லாவுக்கு எதிர்க்கட்சிக்காரர் என்பதை மறக்க வேண்டாம். "ஒரு கோபக்காரப் பெண்ணால் வந்த வினை" என்று சொல்வது அவருக்கு வசதி. கலாபனையில் வேதநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தவர்கள் ஆயராகத் தகுமா என்ற கேள்விதான் தொனாத்து தரப்பின் உண்மையான வழக்கு.

நினைவுநாளை எப்படிக் குறித்தார்கள்? செத்த நாளை "பிறந்தநாள்" என்பது ஏன்?

விண்ணகத்தில் பிறந்த நாள் என்ற பொருளில். நாளைக் குறிப்பது சபையின் பொறுப்பு. 250-இல் தலைமறைவாக இருந்த கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் தம் குருக்களுக்கு எழுதுகிறார்: சிறையில் யார் யார் எந்தத் தேதியில் இறக்கிறார்கள் என்று எழுதி வையுங்கள், அவர்கள் நினைவை வேதசாட்சிகளோடு சேர்த்துக் கொண்டாட வேண்டும். சித்திரவதையில் சாகாமல் சிறையில் மடிந்தவர்களும் கணக்கில் சேர்வார்கள் என்பது அதன் உட்பொருள்.

பட்டியல் வளர்ந்து நாட்காட்டி ஆயிற்று. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த கார்த்தேஜ் நாட்காட்டியின் தலைப்பிலேயே இரண்டு வகை தெரிகிறது: வேதசாட்சிகளுக்குப் "பிறந்தநாள்", ஆயர்களுக்கு "அடக்க நாள்". ஆயர் வரிசை நாட்காட்டியில் ஏறியதும், எந்த ஆயர் வரிசை செல்லும் என்பதும் ஆண்டுதோறும் சொல்லப்பட்டுவிடுகிறது. ஒரு எச்சரிக்கை: இதில் பதிவுகள் ஏப்ரல் 19-இல் தொடங்கிப் பிப்ரவரி 16-இல் முடிகின்றன. மார்ச் 7-க்குரிய வேதசாட்சி பெர்பெத்துவா இதில் இல்லை என்பதை வைத்து, அவரை மறந்துவிட்டார்கள் என்று எழுதினால் தவறு.

விழாவன்று என்ன நடந்தது?

முந்தைய மாலையே மக்கள் நகர மதிலுக்கு வெளியே உள்ள கல்லறைக் கோவிலுக்கு நடந்து போவார்கள். கல்லறைகள் ஊருக்குள் இருக்கக்கூடாது என்பது ரோமச் சட்டம். இரவு விழிப்பு, திருப்பாடல்கள். காலையில் வேதசாட்சியின் பாடு (அவர் துன்பப்பட்டு இறந்த கதை) வாசிக்கப்படும், ஆயர் மறையுரை ஆற்றுவார், திருப்பலி நடக்கும். திருப்பலியில் பெயர் சொல்லும் இடத்தில் ஒரு நுணுக்கம் உண்டு: இறந்த மற்றவர்களுக்காக மன்றாடுவார்கள், வேதசாட்சிக்காக மன்றாட மாட்டார்கள். அவர் நமக்காக மன்றாடுகிறவர், அவருக்காக மன்றாடுவது அவரை அவமதிப்பது என்கிறார் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தினார். பீடம் கடவுளுக்கு, நினைவு சாட்சிக்கு என்பதையும் அவர் சலிக்காமல் சொல்கிறார். அத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தது என்றால் கேட்டவர்களுக்கு அந்த வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

சிப்ரியானின் கல்லறை அருகே விழா இரவில் ஒரு காலத்தில் ஆட்டமும் பாட்டுமாக இருந்தது. கார்த்தேஜ் ஆயர் அவுரேலியுஸ் அதை நிறுத்தி, விழிப்பு வழிபாட்டை வைத்தார்.

"மென்சா" என்கிறார்களே, அது பீடமா, சாப்பாட்டு மேசையா?

இரண்டும். குழப்பம் அந்தக் காலத்திலேயே இருந்தது.

முதலில் அது கல்லறை மேல் வைக்கும் மேசைக்கல். குடும்பத்தார் ஆண்டு நினைவில் அங்கே கூடிச் சாப்பிடுவார்கள். அல்ஜீரியாவின் திப்பாசா கல்லறைக் காட்டில் இவற்றைக் கண்ணால் பார்க்கலாம். கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய, உட்பக்கம் உயர்ந்து வெளிப்பக்கம் சரியும் அரைவட்டத் திண்ணை. அதில் சாய்ந்து படுத்தபடி உண்பார்கள். நடுவில் மேசை. அங்குள்ள ஒன்றில் மீன்கள் நீந்தும் மொசைக்கின் நடுவே, கடவுளில் நம் விருந்துக்குச் சமாதானமும் ஒற்றுமையும் உண்டாகட்டும் என்று எழுதியிருக்கிறது.

உணர்வு என்னவென்று தெரிய வேண்டுமானால் சத்தாஃபிஸ் ஊரில் கிடைத்த செக்குந்துலாவின் கல்லைப் படிக்க வேண்டும். 299-ஆம் ஆண்டு. பிள்ளைகள் சொல்கிறார்கள்: அடக்கத்துக்கு வேண்டியதெல்லாம் செய்துவிட்டோம், அம்மா படுத்திருக்கும் இடத்தில் ஒரு கல்மேசையும் வைக்க விரும்பினோம். உணவும் கிண்ணங்களும் வைத்து, மனசை அரிக்கும் புண் ஆற, இரவு வெகுநேரம் அவள் கதைகளைப் பேசிக்கொண்டிருக்கிறோம், கிழவி தூங்குகிறாள். வரிகளின் முதல் எழுத்துகளையும் கடைசி எழுத்துகளையும் கோத்தால் "இனிய தாய்க்குப் பிள்ளைகள்" என்று வரும். அவர் கிறிஸ்தவர் என்பதற்குக் கல்லில் ஒரு குறியும் இல்லை. கல்லறை விருந்து எல்லாருக்கும் பொதுவான குடும்ப வழக்கம். வேதசாட்சி விழா அந்த வழக்கத்தின் மேல் எழுந்தது: இங்கே குடும்பத்தின் இடத்தில் ஊர்ச் சபை உட்கார்ந்தது.

கார்த்தேஜில் "சிப்ரியானின் மென்சா" என்று ஒரு கோவில் இருந்தது. அங்கே அவர் உண்டதும் இல்லை, விருந்து படைத்ததும் இல்லை, அங்கே அவர் பலியானார், அதனால்தான் அந்தப் பெயர் என்று அகுஸ்தினார் விளக்குகிறார். அவர் புதைக்கப்பட்ட மப்பாலியாவில் இருந்தது வேறு கோவில். இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவது அடிக்கடி நேரும் பிழை.

சிப்ரியானின் உடலை எப்படி மீட்டார்கள்?

258 செப்டம்பர் 14, செக்ஸ்துஸ் வயல். தலையை வெட்ட வந்தவனுக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொல்கிறார் சிப்ரியான். சகோதரர்கள் அவர் முன் துணிகளையும் கைக்குட்டைகளையும் விரிக்கிறார்கள். எதற்கு என்று பதிவு சொல்லவில்லை, இரத்தம் ஏந்தத்தான் என்பது எளிதில் புரிவது. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குத் தொல்லையாகாதபடி உடல் அருகிலேயே வைக்கப்பட்டு, இரவில் மெழுகுவர்த்தியும் தீவட்டியும் ஏந்தி, பெரும் வெற்றி ஊர்வலமாக மப்பாலியாவுக்குக் கொண்டுபோகப்படுகிறது. ஆளுநரின் ஆட்கள் தடுக்கவில்லை. நாள், இடம், துணி, ஊர்வலம்: பின்னாளைய விழாவுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரே நாளில் அமைந்துவிட்டது.

கல்லறை விருந்தை ஆயர்கள் ஏன் எதிர்த்தார்கள்?

குடி ஒரு காரணம். புறச்சமயத்தார் முன்னோருக்குப் படைப்பதுபோல இருந்தது இன்னொன்று. வெளிப்படையாகச் சொல்லப்படாத மூன்றாவது: விருந்தை நடத்துகிறவர் வீட்டுத் தலைவர், திருப்பலியை நடத்துகிறவர் ஆயர். புனிதரின் அருகில் முதலிடம் யாருக்கு?

அகுஸ்தினாரின் தாய் மோனிக்கா, மிலானில் ஆப்பிரிக்க வழக்கப்படி கூழும் ரொட்டியும் திராட்சை இரசமும் கூடையில் எடுத்துக்கொண்டு கல்லறைகளுக்குப் போனார். ஒரே சிறு கிண்ணம், தண்ணீர் கலந்த இரசம், எத்தனை கல்லறைக்குப் போனாலும் அதே கிண்ணம். வாயில்காப்பவர் தடுத்தார், ஆயர் அம்புரோசியார் தடை செய்திருக்கிறார் என்றார். மோனிக்கா பேசாமல் திரும்பினார்.

ஆப்பிரிக்காவில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. 392-இல் அகுஸ்தினார் அவுரேலியுஸுக்கு எழுதிய யோசனை நடைமுறைக்கேற்றது: படையல் அளவாக இருக்கட்டும், கேட்கிறவர்களுக்கு எல்லாம் கொடுக்கட்டும், விற்கக்கூடாது, பணமாகத் தர விரும்பினால் அங்கேயே ஏழைகளுக்குக் கொடுக்கட்டும். 395-இல் ஹிப்போவில், பழைய ஆயர் லெயோன்சியுஸின் விழாவில் நேரடி மோதல். மக்கள் அந்த விழாவை "மகிழ்ச்சி" என்று பெயரிட்டு அழைத்தார்கள். "நேற்றுவரை செய்தது இன்று பாவமா? அனுமதித்த முன்னோர்கள் கிறிஸ்தவர்கள் இல்லையா?" என்று கேட்டார்கள். கலாபனை ஓய்ந்தபின் கூட்டமாக உள்ளே வந்த புறச்சமயத்தார் தங்கள் விருந்துகளை விடமுடியாமல் தவித்ததால் தற்காலிகமாக விட்டுக்கொடுத்தது அது என்று அகுஸ்தினார் பதில் சொன்னார். அன்று மாலைவரை வாசகமும் பாட்டுமாக ஓட்டினார்கள். அந்த நேரத்தில் தொனாத்து கோவிலிலிருந்து விருந்துச் சத்தம் கேட்டது என்று தம் நண்பருக்கு எழுதுகிறார். அவர்கள் குடிக்கிறார்கள், நாம் பாடுகிறோம்: பழைய வழக்கத்தை விட்டதே புது அடையாளமாயிற்று.

வேதசாட்சிகளின் கதையைக் கோவிலில் வாசிக்க அனுமதி இருந்ததா?

உண்டு. 393-இல் ஹிப்போவில் கூடிய சங்கம், வேதநூல் தவிர வேறெதையும் வாசிக்கக்கூடாது என்று விதித்துவிட்டு, ஆண்டு நினைவுநாளில் வேதசாட்சிகளின் பாடுகளை வாசிக்கலாம் என்று விலக்கு அளித்தது.

சிக்கல் பெர்பெத்துவாவிடம் வந்தது. சுமார் 22 வயது, கைக்குழந்தைக்காரி, 203 மார்ச் 7 அன்று பெலிசிதாஸ் முதலியோருடன் கொல்லப்பட்டவர். சிறையில் அவரே எழுதிய குறிப்பும் கண்ட காட்சிகளும் அவருடைய பாடு நூலில் உள்ளன. ஏணி, பாம்பு, மேய்ப்பர் தரும் பால்கட்டி. இறந்துபோன தம்பி தினோக்கிராத்தேஸ் தமக்கையின் வேண்டுதலால் துன்பம் நீங்குவது. இந்தத் தம்பி கதையை ஒருவர் கோட்பாட்டுக்கு ஆதாரமாகக் காட்டியபோது, அது வேதநூல் அல்ல என்று அகுஸ்தினார் மறுத்தார். மேடையில் அதே நூலைப் புகழ்ந்தார். இரண்டு பெயரையும் சேர்த்து "நிலையான பேரின்பம்" என்று சிலேடை செய்தார். ஆண்களும் அன்று இறந்தார்கள், ஆனாலும் நாளுக்குப் பெயர் இந்தப் பெண்களுடையது என்பதற்கு விளக்கமும் சொல்ல வேண்டியிருந்தது. சிப்ரியான், பெர்பெத்துவா ஆகிய பெயர்களை இன்றும் உரோமை நற்கருணை மன்றாட்டில் தமிழிலேயே கேட்கலாம்.

இரு சபைகளும் ஒரே புனிதர்களைக் கொண்டாடினவா?

பழைய புனிதர்கள் பொது. சிப்ரியான் இரண்டு தரப்புக்கும் தந்தை. 256-இல் அவர் கூட்டிய 87 ஆயர்களின் சங்கம், பிரிந்த சபையில் பெற்ற திருமுழுக்கு செல்லாது என்றது. "பார்த்தீர்களா, நாங்கள் செய்வதும் அதுதான்" என்றது தொனாத்து தரப்பு. கருத்து வேறுபட்டும் அவர் ஒற்றுமையை உடைக்கவில்லை என்றார் அகுஸ்தினார். என் பார்வையில் முதல் வாதத்துக்கு ஆதாரம் வலுவானது. இரண்டாவதற்கு அரசாங்கம் துணை நின்றது.

347-க்குப் பிறகு புதுப் புனிதர்கள் பிரிந்தார்கள். பேரரசரின் ஆட்கள் பவுலும் மக்காரியுஸும் ஒற்றுமையைப் படைபலத்தோடு கொண்டுவந்தபோது தொனாத்து ஆயர் மார்க்குலுஸ் நோவா பெத்ரா மலையில் இறந்தார். தள்ளினார்கள் என்றது ஒரு சபை. தானே குதித்தார் என்றது மற்றது. அல்ஜீரியாவின் க்ஸர் எல் கெல்ப் இடிபாட்டில் "மார்க்குலுஸ் ஆண்டவரின் நினைவிடம்" என்று பொருள்படும் கல்வெட்டு கிடைத்தது. "வேதசாட்சியை ஆக்குவது தண்டனை அல்ல, காரணம்" என்ற அகுஸ்தினாரின் வாக்கியம் இந்தச் சண்டையில் உருவான ஆயுதம்.

வாழ்த்துச் சொல்லிலும் கட்சி தெரிந்தது. "தேயோ கிராத்தியாஸ்" (கடவுளுக்கு நன்றி) என்பது கத்தோலிக்கர் வாயில். "தேயோ லௌதேஸ்" (கடவுளுக்குப் புகழ்) தொனாத்து தரப்பின் முழக்கம். ஆனால் ஒரு கல்லில் அந்தச் சொல் இருப்பதை மட்டும் வைத்து கோவில் யாருடையது என்று தீர்க்க முடியாது. திருப்பாடலில் வரும் சொற்களை யாரும் எழுதலாம். கட்டடத்தின் அமைப்பிலும் வேறுபாடு காண முடியாது. இரண்டு கட்சியும் ஒரே மாதிரித்தான் கட்டின.

போலிகள் இருந்தனவா?

தாராளமாக. 386-இல் பேரரசர் தெயோதோசியுஸ் சட்டம் போட்டார்: புதைத்த உடலை இடம் மாற்றக்கூடாது, வேதசாட்சியை விற்கக்கூடாது, வாங்கக்கூடாது. துறவி வேடத்தில் சுற்றி "வேதசாட்சிகளின் உறுப்புகளை, வேதசாட்சிகளுடையதாக இருந்தால்" விற்கிறவர்களை அகுஸ்தினார் கேலி செய்கிறார்.

401-இல் கார்த்தேஜ் சங்கம் இன்னும் நுணுக்கமாக விதித்தது. வயலிலும் சாலையோரத்திலும் வேதசாட்சி நினைவு என்று எழுப்பிய பீடங்களில் உடலோ அருளிக்கமோ (புனிதரின் எலும்பு போன்ற எச்சம்) இருப்பது உறுதியாகாவிட்டால் அந்தப் பகுதி ஆயர் இடிக்க வேண்டும். மக்கள் கலகம் செய்வார்கள் என்றால் இடிக்காமல், அங்கே போகாதீர்கள் என்று புத்தி சொல்ல வேண்டும். அங்கே உடல் இருக்க வேண்டும். இல்லையேல் அது அவர் வாழ்ந்த, உடைமையாக இருந்த, அல்லது பாடுபட்ட இடம் என்று நம்பத்தக்க பழைய மரபு இருக்க வேண்டும். கனவில் சொன்னார் என்று எழுப்பியது ஏற்கப்படாது. "கலகம் செய்வார்கள் என்றால்" என்ற அந்த ஒரு விலக்கு, சங்கத்தின் கை எவ்வளவு நீளம் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

வெளியூர்ப் புனிதர் வந்தால் உள்ளூர் அடையாளம் என்ன ஆகும்?

முதல் வேதசாட்சியான ஸ்தேவான் (முடியப்பர்) வந்த கதை இதற்கு விடை. 415 டிசம்பரில் பாலஸ்தீனத்தில் அவர் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. ஒரு பங்கு ஆப்பிரிக்காவின் உசாலிஸ் ஊருக்கும் பின்பு ஹிப்போவுக்கும் வந்தது. அவர் உள்ளூர்ச் சண்டையில் எந்தக் கட்சியையும் சேராதவர், வேதநூலிலேயே இடம்பெற்றவர். ஹிப்போவில் நலம் பெற்றவர்கள் அதை எழுதித் தர வேண்டும், அது மக்கள் முன் வாசிக்கப்படும் என்று அகுஸ்தினார் ஏற்பாடு செய்தார். நினைவிடம் வந்து இரண்டு ஆண்டு முடியும் முன்பே அத்தகைய தாள்கள் ஏறக்குறைய 70 சேர்ந்தன. சொன்னதைப் பதிந்து, சரிபார்த்து, அறிவித்தல்: லூசில்லாவின் தனி முத்தத்துக்கு நேர் எதிர் முறை இது.

மறுபக்கமும் உண்டு. அதே எலும்பின் ஒரு பகுதி மினோர்க்கா தீவில் தங்கியது. 418 பிப்ரவரியில் அங்கே கிறிஸ்தவக் கூட்டம் மகோனா ஊர் யூதர்களின் தொழுகைக்கூடத்தை எரித்தது. எட்டு நாளில் 540 யூதர்கள் மதம் மாறினார்கள் என்று ஆயர் செவேருஸ் பெருமையோடு கடிதம் எழுதினார். பயத்தில் மாறியது என்பதை அவர் கடிதமே மறைக்கவில்லை.

கல்வெட்டில் ஆண்டைக் கணக்கிடுவது எப்படி?

ரோம மாகாணமான மொரித்தானியா (இன்றைய அல்ஜீரியப் பகுதி; இன்றைய மொரித்தானியா நாடு அல்ல) பகுதிக் கல்லில் "மாகாண ஆண்டு" என்று வரும். அதோடு 39 கூட்டினால் கி.பி. செக்குந்துலாவின் கல்லில் 260, ஆகவே 299. செத்தீஃப் பக்கம் திக்ஸ்தெர் என்ற இடத்தில் கிடைத்த கல்லில் 320, ஆகவே 359. இந்தக் கல்லில் உள்ள பட்டியலைப் பாருங்கள்: கிறிஸ்து பிறந்த நாட்டின் மண், சிலுவை மரத்தின் துண்டு, பேதுரு, பவுல், பிறகு சிப்ரியான் முதலிய ஆப்பிரிக்கப் பெயர்கள். உலகத் திருச்சபையும் உள்ளூர்ச் சபையும் ஒரே கல்லில் அடுக்கப்பட்டிருக்கின்றன. இந்த மாகாணத்துக்கு வெளியே 39-ஐக் கூட்டாதீர்கள். அங்கங்கே கணக்கு வேறு.

வாண்டல்கள் வந்தபிறகு விழா நின்றதா?

நிற்கவில்லை, கை மாறியது. 439-இல் ஜெர்மானிய இனத்தாரான வாண்டல்களின் அரசன் கெய்செரிக் கார்த்தேஜைப் பிடித்ததும், பெர்பெத்துவா புதைந்திருந்த பேராலயமும் சிப்ரியானின் இரண்டு கோவில்களும் வாண்டல்களின் ஆரியக் குருக்களிடம் (ஆரியுஸ் என்பவரின் போதனையைப் பின்பற்றி, கிறிஸ்து தந்தைக்கு நிகரல்ல என்ற கிறிஸ்தவப் பிரிவினர்) போயின. அவர்களும் சிப்ரியான் விழாவை விடவில்லை. கத்தோலிக்கர் கனவில் சிப்ரியான் தோன்றி, கவலை வேண்டாம், என் வழக்கை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதாக ஊரில் பேச்சு இருந்தது.

533 செப்டம்பர் 13, விழாவுக்கு முந்தைய நாள். ஆரியக் குருக்கள் கோவிலைப் பெருக்கி, அழகான காணிக்கைத் துணிகளைத் தொங்கவிட்டு, விளக்குகளை ஆயத்தம் செய்து, கருவூலப் பொருள்களை எடுத்து அடுக்கிவைத்திருந்தார்கள். அன்றே அத் தெச்சிமும் என்ற இடத்தில் கிழக்கு ரோமப் பேரரசின் தளபதி பெலிசாரியுஸின் படை வாண்டல்களை முறியடித்தது. குருக்கள் ஓடினார்கள். கத்தோலிக்கர் உள்ளே போய், தாங்கள் தொங்கவிடாத துணிகளின் கீழே, தாங்கள் எண்ணெய் ஊற்றாத விளக்குகளை ஏற்றி விழாவை நடத்தினார்கள். அந்தப் படையோடு வந்த வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியுஸ் இதை எழுதிவிட்டு இன்னொன்றும் சேர்க்கிறார்: செப்டம்பர் நடுவில் அந்தக் கடலில் எழும் புயலுக்கு மாலுமிகள் வைத்த பெயர் "சிப்ரியானா".